ஒரு ஹீட்டர், நாலு மெயில், மூணு ஜெர்மன்காரங்க

2023 டிசம்பர் முதல் வாரம், ஜெர்மனியில கெம்னிட்ஸ்ங்கிற ஊர்ல என் பெட்ரூம்ல 15 டிகிரி. ஹால் ஹீட்டர் கொதிக்குது, பெட்ரூம் ஹீட்டர் மட்டும் ஐஸ் மாதிரி கெடக்கு, குமிழை 1ல வச்சாலும் 5ல வச்சாலும் அதே கதைதான். ரெண்டு ராத்திரி ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுப் படுத்துப் பாத்துட்டு, திங்கக்கெழம காலைல வீட்டைப் பாத்துக்கிற ஆபீசுக்கு மெயில் போட உக்காந்தேன். அந்த ஆபீசுக்கு இங்க ஹவுஸ்ஃபெர்வால்டுங்னு பேரு. என் கையில அப்போ ஜெர்மன் மொழியில பி1 சர்டிஃபிகேட் இருந்துச்சு, ஏ1, ஏ2, பி1னு ஏறுற படியில மூணாவது. சென்னையில ஏ2 வரைக்கும், மிச்சம் இங்க வந்து. ஜெர்மன் பரீட்சை நடத்துற கத்தே இன்ஸ்டிட்யூட்டோட பி1 பரீட்சையில எழுத்துப் பகுதிக்கு 60 நிமிஷம், மூணு கேள்வி, மூணாவது கேள்வியே ஒரு மரியாதையான மெயில்தான், ஒரு 40 வார்த்தை. அதுல பாஸ் ஆனவன் நான், ஒரு ஹீட்டருக்கு மெயில் எழுத வராதான்னு நெனச்சேன்.

ஜெர்மன்ல மரியாதையா பேசுறது எப்படி, யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு புதுசா வர்ற பசங்க அடிக்கடி கேக்குறாங்க. அதுக்கு எந்தப் புக்குப் பேரையும் சொல்றதை விட இந்த ஹீட்டர் கேஸை முழுசா எழுதிடுறது மேல்னு தோணுச்சு. என் எழுத்தை மூணு ஜெர்மன்காரங்க திருத்துனாங்க, மூணு பேரும் மூணு மாதிரி, அதுல யாரு சரின்னு புடிபடவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

முதல் மெயில் மூணே வரி. "ஹலோ, என் ஹைட்ஸுங் (ஹீட்டர்) ரிப்பேர். இஷ் வில், இன்னைக்கே நீங்க ஒரு டெக்னீஷியனை அனுப்பணும். இது நீங்க செஞ்சே ஆகணும்." நான் எழுதுனது முழுக்க ஜெர்மன்லதான், இங்க அர்த்தத்தைத் தமிழ்ல போட்டிருக்கேன், இஷ் வில்லை மட்டும் அப்படியே விட்டுட்டேன், ஏன்னா வம்பே அதுலதான். கிராமர்படி பாத்தா ஒரு தப்பு கூட இல்ல, வினைச்சொல் எல்லாம் அது அது எடத்துல கரெக்டா நிக்குது. அனுப்பிட்டு நிம்மதியா வேலைக்குப் போயிட்டேன். பதில்னு வந்தது ஒரே வரி, உங்க தகவல் கெடச்சுதுன்னு. அவ்ளோதான்.

மறுநாள் செவ்வாக்கெழம என் டேன்டம் நாள். டேன்டம்னா உனக்கு என் மொழி, எனக்கு உன் மொழி, காசு பணம் கெடையாது, பாதி நேரம் அது பாதி நேரம் இது. என் ஜோடி ஒரு யூனிவர்சிட்டி பொண்ணு, சென்னைக்கு இன்டர்ன்ஷிப் போகப்போறா, அதுக்காகத் தமிழ் கத்துக்குறா. மெயிலைக் காட்டுனேன். படிச்சிட்டு முகத்தை ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, கட்டளை மாதிரி இருக்குன்னா. எங்கன்னு கேட்டா இஷ் வில்ங்கிற எடத்துல வெரலை வச்சா.

எனக்கு அது உண்மையிலேயே புரியல. ஏன்னா என் தலைக்குள்ள இஷ்னா நான், வில்னா வேணும். காய்கறிக் கடையில போய் "அண்ணே ரெண்டு கிலோ தக்காளி வேணும்"னு சொன்னா தமிழ்ல எந்த அண்ணனும் கோச்சுக்க மாட்டாரு. ஜெர்மன்ல அதையே வில் போட்டுச் சொன்னா அடம்புடிக்கிற கொழந்தை மாதிரி ஆயிடுமாம், இல்லன்னா எஜமான் மாதிரி. பேக்கரியில கூட இஷ் ஹெட்டெ கெர்ன்னுதான் கேக்கணும், இல்ல இஷ் மொஷ்டெ. இந்த மொஷ்டெ, ஹெட்டெ, கொன்டெ, வ்யுர்டெ, வேரெ எல்லாம் ஒரே குடும்பம், கொன்யுங்டிவ் 2ன்னு சொல்வாங்க, நடக்காததை நடந்த மாதிரி வச்சுப் பேசுற வடிவம். நேரா இருக்கு, வேணும்னு சொல்லாம, இருந்தா நல்லாருக்கும்னு ஒரு அடி பின்னாடி நின்னு கேக்குறது. கொனன் ஸீன்னா "உங்களால முடியுமா", கொன்டன் ஸீன்னா "முடிஞ்சா கொஞ்சம் பண்ணுவீங்களா". ரெண்டுக்கும் நடுவுல ஒரு "ட"தான் வித்தியாசம், ஆனா ஆபீஸ்ல அந்த "ட"வை வச்சுத்தான் உங்களை எடை போடுறாங்க.

அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னா. நான் ஸீங்கிறதைச் சின்ன எழுத்துல ஆரம்பிச்சிருந்தேன். பெரிய எழுத்துல போட்டா நீங்க, சின்ன எழுத்துல போட்டா அவங்க, அல்லது அவள். காதுல கேக்க எல்லாம் ஒண்ணுதான், எழுதும்போது மட்டும்தான் மரியாதை வெளிய தெரியும். நம்ம ஊர்லயும் மாமியார் எதுக்க நிக்கும்போதே "அவங்க சாப்பிட்டாங்களா"ன்னு படர்க்கையில மரியாதை பண்ற பழக்கம் உண்டே, அந்த மாதிரின்னு எடுத்துக்கிட்டேன், அதுக்கப்புறம் அந்தப் பெரிய எழுத்தை நான் விட்டதில்ல.

அப்புறம் அவளோட தமிழ் நேரம் வந்துச்சு. அவ ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்த சந்தேகத்தைக் கேட்டா. ஒரு தமிழ் வீடியோவுல பஸ்ல ஒருத்தர் "கொஞ்சம் தள்ளுங்க"ன்னு சொல்றாரு, கொஞ்சம்னா அளவு தானே, அப்போ கொஞ்சமா தள்ளுனா போதுமா, நெறைய தள்ளுனா தப்பா? சிரிச்சிட்டேன். இல்ல இல்ல, அது அளவு இல்ல, சும்மா அப்படித்தான் சொல்வோம்னேன். சும்மான்னா எதுக்கு சொல்லணும்னு கேட்டா. "கொஞ்சம் வாங்க"ன்னா முழுசா வரக்கூடாதான்னு கேட்டா. பதில் வரல எனக்கு. முப்பது வருஷமா பேசுற மொழி, ஒரு சின்ன வார்த்தை, அது என்ன வேலை செய்யுதுன்னு சொல்லத் தெரியல. கொஞ்சத்தை எடுத்துட்டு "தள்ளுங்க"ன்னா என்ன ஆகும்னு கேட்டா, அப்பதான் வெளிச்சம் வந்துச்சு, எடுத்துட்டா மொரட்டுத்தனமா ஆயிடும்னேன். உடனே அவ "ஆ, அது மால்"னா.

மால், அந்தக் கடைத்தெரு மால் இல்ல, ஜெர்மன் மால். வார்டன் ஸீ மால், ஷவன் ஸீ மால்னு ஊரெல்லாம் சொல்றாங்க, எந்த டிக்‌ஷனரியைப் பாத்தாலும் ஒரு தடவை, முன்னொரு காலத்துலன்னு என்னென்னமோ போட்டிருக்கும், எதுவும் ஒட்டாது. அது நம்ம கொஞ்சம். கொஞ்சம் இருங்க, கொஞ்சம் பாருங்க. அன்னைக்கு ஒரு மணி நேரம் இதே வெளையாட்டுதான். டொஹ்னு ஒண்ணு இருக்கு, கொமன் ஸீ டொஹ் ரைன், அது "உள்ள வாங்களேன்"ல வர்ற ஏன். உக்காருங்கன்னா ஒரு மாதிரி, உக்காருங்களேன்னா வேற மாதிரி, அந்த வேற மாதிரிதான் டொஹ். எல்லா எடத்துலயும் இந்தக் கணக்கு ஓடாது, டொஹ்ஹுக்கு "இல்லையே, அப்படித்தான்"னு மறுத்துப் பேசுற வேலையும் உண்டு, ஆனா வீட்டுக்கு வந்தவங்களைக் கூப்புடுற எடத்துல அச்சு அசலா பொருந்துது.

இந்தக் கேஸ்ல எனக்குக் கெடச்ச பெரிய சாமான் இதுதான்னு சொல்வேன். தாய்மொழிக்காரங்ககிட்ட ஏன்னு கேட்டா ஒண்ணும் கெடைக்காது, நான் கொஞ்சத்துக்கு முழிச்ச மாதிரி அவங்களும் முழிப்பாங்க, இல்லன்னா அந்த நேரத்துக்கு ஒரு விதியை உருவாக்கிச் சொல்லிடுவாங்க, அது பாதி நேரம் தப்பா இருக்கும். எடுத்துட்டா என்ன ஆகும், இந்த ரெண்டுல நீ எதைச் சொல்வ, யார்கிட்ட சொல்வ, யார்கிட்ட சொல்ல மாட்டன்னு கேட்டா மட்டும் அவங்க காது சொல்ற பதில் அப்படியே வந்து விழும்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். கட்டளை மாதிரி இருக்குன்னு சொன்னதுல எனக்கு வெக்கமாப் போச்சு, வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரியே யார்கிட்டயும் காட்டாம ரெண்டாவது மெயில் எழுதுனேன். இருக்குற மரியாதை எல்லாத்தையும் கொட்டி. அஞ்சு பிட்டெ, அதாவது தயவுசெஞ்சு, ரெண்டு மன்னிப்பு, தொந்தரவுக்கு வருந்துறேன்னு ஆரம்பம், உங்களுக்கு நேரம் இருந்தா, ஒருவேளை, எப்பயாவது முடிஞ்சான்னு முடிவு. நடுவுல "கேட்டுக்குறேன்"னு எழுத வேண்டிய எடத்துல இஷ் பேட்டென்னு தட்டிட்டேன். பிட்டெ, பீட்டெ, பேட்டெ மூணும் வேற வேற. குறில் இகரம் போட்டா கேட்டுக்குறேன், ஈகாரம் போட்டா தர்றேன், ஏகாரம் போட்டா ஜெபம் பண்றேன். ஆக ஒரு ஹவுஸ்ஃபெர்வால்டுங் கிளார்க்கைப் பாத்து ஹீட்டருக்காக நான் பிரார்த்தனை பண்ணிருக்கேன். தமிழ்ல கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன்னு சொல்றது உண்டுதான், அதனால எனக்கு எழுதும்போது உறுத்தவே இல்ல போல.

புதன்கெழம டிசம்பர் 6, நிக்கோலவுஸ் நாள், பசங்க வாசல்ல பூட்ஸை வச்சா காலைல உள்ள சாக்லேட் இருக்கும். கீழ்வீட்டுத் தாத்தா என் ஷூலயும் ஒரு சாக்லேட் நிக்கோலவுஸைச் சொருகி வச்சிருந்தாரு. எழுபதைத் தாண்டினவரு, இந்த ஊரு கார்ல்-மார்க்ஸ்-ஷ்டட்னு பேரு வச்சிருந்த காலத்துலயே இங்க இருந்தவரு, அந்தப் பேரு 1953ல இருந்து 1990 வரைக்கும். நன்றி சொல்லப் போனேன், பேச்சுவாக்குல இஷ் பின் கல்ட்னு சொல்லிட்டேன், நான் குளிரா இருக்கேன்னு சொல்றதா நெனப்பு. அவரு ஒரு நிமிஷம் பாத்துட்டு, நீங்க நல்ல மனசுக்காரரு தானேன்னாரு. இஷ் பின் கல்ட்னா எனக்கு ஈவு எரக்கம் இல்ல, உணர்ச்சி இல்லாத ஆளுன்னு போயிடும். மீர் இஸ்ட் கல்ட்னு சொல்லணும்.

இந்த மீர் விஷயத்துல நாம குடுத்து வச்சவங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன். கிளாஸ்ல டாட்டிவ், அக்குஸாட்டிவ்னு டேபிள் போட்டு மனப்பாடம் பண்ண வச்சாங்க, என்கூட படிச்ச பாதிப் பேரு இங்கிலீஷ் வழியா அதைப் புரிஞ்சுக்கப் பாத்துத் தலையைச் சொறிஞ்சாங்க, இங்கிலீஷ்ல என்னை, எனக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தை தானே. தமிழ்ல யோசிச்சா மீர் அப்படியே எனக்கு, நாலாம் வேற்றுமை. மீர் இஸ்ட் கல்ட், எனக்குக் குளிருது. தஸ் கெஃபெல்ட் மீர், அது எனக்குப் புடிச்சிருக்கு. எஸ் டூட் மீர் லைட், எனக்கு வருத்தமா இருக்கு. மிஷ்ங்கிறது என்னை, ரெண்டாம் வேற்றுமை. உதவி கேக்கும்போது ஜெர்மன்காரன் மீர் போடுவான், நாமளும் எனக்கு உதவி பண்ணுங்கன்னு தானே சொல்றோம். ஏமாத்துற எடமும் உண்டு, போன் பண்றதுக்கு ஜெர்மன்ல என்னைக் கூப்புடுன்னு அக்குஸாட்டிவ் வரும், நாம எனக்குப் போன் பண்ணுன்னு சொல்லிப் பழகி அங்க மீர் போட்டு மாட்டிப்போம். ஆனா பத்துக்கு ஏழு எடத்துல நம்ம "கு" காப்பாத்திடும். வினைச்சொல்லைக் கடைசியில கொண்டு போய் வைக்கிறதும் அப்படித்தான். டைம் இருக்கான்னு கேக்கலாம்னு வந்தேன்னு நாம பேசுற மாதிரியே, இஷ் வோல்டெ ஃப்ராகன், ஓப் ஸீ ட்ஸைட் ஹாபன்னு துணை வாக்கியத்துல வினை கடைசிக்குப் போயிடும். கேக்கணும்னு நெனக்கிறேன்னு சொல்லாம நெனச்சேன், வந்தேன்னு இறந்த காலத்துல போட்டு மெதுவா நுழையுற தந்திரம் கூட ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

தாத்தாகிட்ட ரெண்டாவது மெயிலைக் காட்டுனேன். பேட்டெயைப் பாத்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சிட்டு அவரு சொன்னதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. இதைப் படிச்சா உங்களுக்கு என்ன வேணும்னே அவங்களுக்குத் தெரியாது, எப்பயாவது முடிஞ்சான்னு நீங்களே எழுதிட்டீங்க, எப்பயாவது வருவாங்க. என்னைக்கு ரிப்பேர் ஆச்சு, எந்த ரூம், எத்தனை டிகிரி, என்ன தேதிக்குள்ள சரி பண்ணணும், நீங்க வீட்டுல எப்போ இருப்பீங்க, இதை எழுதுங்க, பிட்டெ ஒண்ணு போதும்னாரு. தேதி போட்டா மெரட்டுற மாதிரி ஆயிடாதான்னு கேட்டேன். நைன், தேதி போடுறது அவங்களுக்கு உதவின்னாரு. அதுக்கு ஃப்ரிஸ்ட்னு தனி வார்த்தையே இருக்கு, கெடுன்னு வச்சுக்கலாம்.

இதுல சட்டமும் இருக்கு. வீட்டுல ஒரு கொறை வந்தா வாடகைக்காரன் தாமதிக்காம வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்தணும்னு ஜெர்மன் சிவில் சட்டத்துல பிரிவு 536சி சொல்லுது, கொறை பெருசா இருந்தா வாடகை கொறையும்னு 536. அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ஹீட்டிங் சீசன்னு பொதுவா எடுத்துக்குறாங்க, பகல்ல 20 டிகிரியாவது ரூம்ல இருக்கணும்னுதான் கோர்ட்டுகளும் பெரும்பாலும் பாக்குது. ஆக நான் கேட்டது தயவு இல்ல. தயவு மாதிரி கேட்டதுதான் தப்பு, அதிகாரம் மாதிரி கேட்டதும் தப்பு.

மூணாவது ஜெர்மன்காரர் வேலை எடத்துல என் டீம் லீட். வியாழக்கெழம எழுதுன மூணாவது வரைவை மதிய சாப்பாட்டுல காட்டுனேன். டேன்டம் பொண்ணு சொல்லிக்குடுத்த மாதிரி "கொன்டன் ஸீ பிட்டெ"ன்னு கேள்வியா போட்டிருந்தேன். அவரு அதை அடிச்சிட்டு இஷ் பிட்டெ ஸீன்னு மாத்துனாரு, இன்ன தேதிக்குள்ள சரி செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்ங்கிற கணக்கு. ஏன்னு கேக்கக்கூடாதுன்னு கத்துக்கிட்டேன் இல்லையா, அதனால எப்போ கொன்டன் ஸீ போடுவீங்கன்னு கேட்டேன். பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட ஜன்னலை மூடச் சொல்லும்போதுன்னாரு. அது கேள்வி, கேள்விக்கு முடியாதுன்னும் பதில் சொல்லலாம், பேப்பர்ல நிக்கணும்னா கேள்வி வேண்டாம். சாயங்காலம் டேன்டம் பொண்ணுக்கு அனுப்பிக் காட்டுனா, ஐயோ எவ்ளோ வெறைப்பா இருக்கு, எங்கப்பா எழுதுற மாதிரி இருக்குன்னா. தாத்தா படிச்சிட்டு "நு"ன்னாரு, இந்தப் பக்கத்து சாக்சன் ஆளுங்க ஆமாங்கிறதுக்கு நுன்னுதான் சொல்வாங்க, முதல்ல எல்லாம் இல்லைன்னு சொல்றாருன்னே நெனச்சுக்குவேன்.

மூணு பேரும் அவங்கவங்க எடத்துல சரிதான். பொண்ணு வாட்ஸாப் காது, டீம் லீட் ஆபீஸ் காது, தாத்தா எத்தனையோ ஆபீசுக்கு லெட்டர் போட்டுப் போட்டுப் பழுத்த கை. ஒருத்தர்கிட்ட மட்டும் கத்துக்கிட்டா அவரு வயசும் வேலையும் நம்ம வாய்ல ஒட்டிக்கும், என் ஃப்ரெண்டு ஒருத்தன் முழுக்க ஃபுட்பால் டீம்ல ஜெர்மன் கத்துக்கிட்டவன், இன்டர்வியூல வாயத் தொறந்தா எதுக்க இருக்குறவங்க மெரண்டுடுறாங்க.

கடைசியில போன மெயில் இப்படி. ஸேர் கெஏர்டெ டாமன் உன்ட் ஹெரன், அதாவது மதிப்புக்குரிய அம்மா, ஐயாங்கிற ஆரம்பம், அதுக்கப்புறம் கமா, அடுத்த வரி சின்ன எழுத்துல ஆரம்பிக்கணும். டிசம்பர் 2ல இருந்து பெட்ரூம் ஹைட்ஸுங் சூடாகல, ரூம்ல 15 டிகிரி, போட்டோ இணைச்சிருக்கேன். டிசம்பர் 15க்குள்ள இந்தக் கொறையைச் சரி செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் 5 மணிக்கு மேல வீட்டுல இருப்பேன், காலைலன்னா முன்கூட்டியே சொல்லுங்க. மிட் ஃப்ராய்ன்ட்லிஷன் க்ரூஸன், அன்பான வணக்கங்களோடங்கிற முடிவு, இதுக்கப்புறம் கமா கெடையாது, நேரா பேரு. மறுநாள் மதியமே போன் வந்துச்சு.

மெயில் அழகா இருந்ததாலதான் கூப்புட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். தேதியும் டிகிரியும் போட்டோவும் இருந்துச்சு, கிளார்க்குக்கு அதை அப்படியே டெக்னீஷியனுக்குத் தள்ளிவிட முடிஞ்சுது, அதுதான் காரணமா இருக்கும். முதல் மெயில்லயே இந்த விவரம் இருந்திருந்தா இஷ் வில்லோட கூட வந்திருப்பாங்களோ என்னமோ.

போன்ல அந்தம்மா அடுத்த வியாழக்கெழம, ஃபீர்டல் அஹ்ட்னு சொன்னாங்க. ஃபீர்டல்னா கால், அஹ்ட்னா எட்டு. எட்டே கால்னு காலண்டர்ல போட்டுட்டேன். வியாழக்கெழம ஏழே காலுக்குத் தலையில ஷாம்புவோட நிக்கிறேன், பெல் அடிக்குது. யாரோ பார்சல் போலன்னு விட்டுட்டேன். வெளிய வந்து பாத்தா கதவுல ஒரு சீட்டு, உங்களைச் சந்திக்க முடியவில்லைன்னு. கிளாஸ்ல ஏழு தாண்டி கால்னு சொல்லித்தான் படிச்சிருந்தேன். இந்தப் பக்கத்துல ஃபீர்டல் அஹ்ட்னா ஏழே கால், ட்ரைஃபீர்டல் அஹ்ட்னா ஏழே முக்கால், எட்டாவது மணி நேரத்துல கால் பங்கு முடிஞ்சிருக்கு, முக்கா பங்கு முடிஞ்சிருக்குன்னு கணக்கு. தாத்தா கேக் வெட்டுற மாதிரி கையால காட்டிப் புரிய வச்சாரு. வடக்கு, மேற்கு ஜெர்மன்காரங்கள்லயே நெறைய பேருக்கு இது கொழப்பம்னு டீம் லீட் சொன்னதுல கொஞ்சம் ஆறுதல்.

நாலாவது மெயிலை யார்கிட்டயும் காட்டல. சந்திப்பைத் தவற விட்டதுக்கு எஸ் டூட் மீர் லைட், நேரத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், வேரெ எஸ் மொக்லிஷ், இன்னொரு நேரம் குறிக்க முடியுமா. தப்பு என் பக்கம், அதனால இங்க கெடு போடல, கேள்வியாத்தான் கேட்டேன். ஒரு மன்னிப்பு, ஒரு காரணம், ஒரு கேள்வி. 19ஆம் தேதி வந்தாரு டெக்னீஷியன். குமிழைக் கழட்டுனாரு, உள்ள வால்வுல ஒரு சின்ன ஊசி மாதிரி பின் இருக்கு, அது உள்ள போயி சிக்கிக்கிட்டு வெளிய வரல, சுத்தியலால ரெண்டு தட்டு, குறடால லேசா அசைச்சு விட்டாரு, டக்னு வெளிய வந்துச்சு. மொத்தம் நாலு நிமிஷம். "ஸோ"ன்னாரு. அந்த ஸோவுக்கு என்ன அர்த்தம்னு யாரையும் கேக்கல, வேலை முடிஞ்சா மேஸ்திரி கையைத் தட்டிக்கிட்டு "ரைட்டு"ம்பாரே அதுதான்.

அன்னைக்கு சாயங்காலம் தாத்தாவுக்கு விஷயத்தைச் சொல்லி, வீட்டுல பண்ண மெதுவடை நாலு குடுத்தேன். சாப்புட்டுக்கிட்டே, நாம டூ போட்டே பேசிக்கலாமேன்னாரு. டூன்னா நீ. இங்க பெரியவங்கதான் அதை எடுத்துக் குடுக்கணும், சின்னவங்க கேக்கக்கூடாது, குடுத்ததை வேண்டாம்னு சொன்னா தள்ளி வைக்கிற மாதிரி. சரின்னு தலையாட்டிட்டேன். ஆனா எழுபது வயசைத் தாண்டினவரை நீன்னு கூப்புட எனக்கு நாக்கு பொரளல, ஸீ போட்டா அவரு மனசு கஷ்டப்படும். நம்ம ஊர்ல நீயா நீங்களான்னு தெரியாத ஆளைப் பாத்தா "சாப்பாடு ஆச்சா"ன்னு ஆளே இல்லாம கேட்டுட்டுப் போவோமே, அதே வழியைத்தான் இங்கயும் புடிச்சிருக்கேன். படிக்கட்டுல பாத்தா "வீ கேட்ஸ்", அதாவது எப்படிப் போகுதுன்னு மட்டும் கேக்குறேன், கடைசியில டீரா (உனக்கு) ஈனனான்னு (உங்களுக்கு) சேக்காம. இத்தனை நாள்ல அவரு ஒண்ணும் சொல்லல, ஆனா ஒவ்வொரு தடவையும் லேசா சிரிக்கிறாரு.